சாதுவாகத் தெரிந்தவை



திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குரங்கு புதிய விலங்கன்று. மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும், மரக்கிளைகளிலும் கடைக் கூரைகளிலும் மதில்களிலும் அவை கூட்டங்கூட்டமாக அமர்ந்திருக்கும். பௌர்ணமி நாள்களில் வெளியூர்களிலிருந்து லட்சக்கணக்கானோர் வருவார்கள். அவர்களில் பலர் கையிலிருக்கும் வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் அவற்றுக்கு நீட்டுவார்கள். உச்சந்தலையில் குல்லாய் வைத்தாற்போன்ற மயிர், வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி, மனித முகத்தின் சாயல். இவற்றைக் காணும்போது யாருக்குத்தான் அன்பு சுரக்காது?

எங்கள் வீடு அந்தப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன், என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து வாசலில் நின்றிருந்தேன். அவள் மதில்மீதிருந்த குரங்கொன்றுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது பழத்தை வாங்கித் தின்றது. பிறகு அவளைப் பார்த்து வாயைத் திறந்து பல்லைக் காட்டியது.

"அத்தா, குரங்கு சிரிக்குது!" என்று கூவினாள்.

நானும் சிரித்தேன். அடுத்த நொடியில் அது பாய்ந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த இரண்டாவது பழம் அதற்குத் தெரிந்திருக்கிறது. பழத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. மகளின் முழங்கைக்குக் கீழே இரண்டு நகக் கோடுகள். அவற்றின் மேல் கடுகளவு கடுகளவாய் இரத்தம்.

குரங்கு பல்லைக் காட்டுவது சிரிப்பன்று. அது அச்சத்தின் அடையாளம், அல்லது மிரட்டல். மனிதச் சாயல் இருக்கும் காரணத்தால் அதன் முகத்தில் நம் உணர்ச்சிகளை நாமே எழுதிப் படித்துக்கொள்கிறோம். இதை நான் பின்னர்தான் அறிந்தேன். அந்த நேரத்தில் அம்மா மஞ்சள்தூளைக் குழைத்துக் கொண்டுவந்தார். நானும், "நகம் பட்டதுதானே, ஆறிடும்" என்று சொல்லிக் கடைக்குப் புறப்பட ஆயத்தமானேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளையின் அழுகையைக் கேட்டு வந்தவர், அம்மாவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தார்.

"மஞ்சள் வேணாம்மா. குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க. தம்பி, நீங்க கடைக்குப் போக வேணாம். வண்டியை எடுங்க."

வெறிநாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதில்லை என்பதை அன்றுதான் நான் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன். குரங்கு, பூனை, நரி முதலிய பாலூட்டிகளும் அந்தக் கிருமியைத் தாங்கிவரக்கூடும். தோல் கிழிந்து இரத்தம் கசியும் கீறலும் கடிக்குச் சமமாகவே கருதப்படும். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுவதற்கு முன் மருத்துவம் செய்துகொண்டால் முற்றிலும் தடுத்துவிடலாம். மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி ஓர் ஊசி போட்டார்கள். பிறகு 3, 7, 28ஆம் நாள்களிலும் வரவேண்டுமென்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தவறாமல் அழைத்துச் சென்றோம். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

அன்று ஒரு பாடம் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்தேன். கற்கவில்லை என்பதை அதே ஆண்டின் மழைக்காலம் எனக்குக் காட்டியது.

என் மாமாவின் வீடு செங்கத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறது. சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைகள். அறுவடையான காய்களை மூட்டைகட்டி வீட்டின் பின்கட்டில் அடுக்கியிருந்தார்கள். மூட்டை இருந்தால் எலி வரும். எலி இருந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். உறவுக்காரப் பிள்ளையின் நிக்காஹுக்காக நாங்கள் குடும்பத்தோடு போய் இறங்கிய அன்று மாலை, பின்கட்டிலிருந்து ஒரு பாம்பு வெளிப்பட்டது. ஏழடிக்குக் குறையாத நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், மின்னல் வேகம். பெண்கள் அலறினார்கள். பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம். நான்கு பேர் கம்பெடுத்தோம். அவர்களில் நானும் ஒருவன். அடித்துக் கொன்று வேலிக்கு வெளியே இழுத்துப் போட்டபோது ஊரே பாராட்டியது.

அது சாரைப்பாம்பு. அதற்கு நஞ்சே கிடையாது. நாகத்தின் ஆண் அதுவென்றும், அதன் வாலில் நஞ்சு இருக்கிறதென்றும் சொல்லப்படுவன எல்லாம் கட்டுக்கதைகள். நாகம் வேறு, சாரை வேறு. இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கூலி வாங்காமல் நம் தானியத்தைக் காக்கும் எலிபிடிப்பான் சாரை. அதைத்தான் கொன்றோம்.

மறுநாள் காலை, வலீமாச் சமையலுக்கு விறகை இழுத்தபோது அடியில் இன்னொன்று கிடந்தது. இரண்டடி இருக்கலாம். விரல் பருமன். கரிய உடல், எண்ணெய் பூசியதுபோன்ற மினுமினுப்பு, குறுக்கே மெல்லிய வெள்ளை வரிகள். பார்க்க அழகாகவே இருந்தது. உடலைச் சுருட்டித் தலையை அடியில் மறைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. ஒரு பொடியன் துடைப்பக்குச்சியால் தொட்டான். சீறவில்லை, படமெடுக்கவில்லை, ஓடவுமில்லை. தலையை இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டது.

திண்ணையிலிருந்த நன்னி எட்டிப் பார்த்து, "பாவம், அது ஒண்ணும் செய்யாத பூச்சி. விட்டுடுங்கப்பா" என்றார்.

நான் அதற்கு ஆமோதித்தேன். வெள்ளை வரிகள் கொண்ட நஞ்சற்ற பாம்பு ஒன்று உண்டென்று எங்கோ படித்திருந்தேன். வெள்ளிக்கோல் வரையன் என்பது அதன் பெயர். வீடுகளுக்குள் பல்லி தேடி வரும். நான் படித்தது உண்மைதான். ஆனால் அதைப் போலவே தோற்றமளிக்கும் கட்டுவிரியனும் உண்டு என்பதையும், இந்தியாவில் உயிர்களைப் பெருமளவில் பறிக்கும் நான்கு பாம்புகளுள் அது ஒன்று என்பதையும் நான் அறியேன். பாதி அறிவோடு, "வெள்ளிக்கோல் வரையன், பயப்பட வேண்டாம்" என்று எல்லோருக்கும் உறுதி கூறினேன். பொடியன்கள் அதைக் குச்சியால் வேலியோரம் தள்ளிவிட்டார்கள்.

முதல் நாள் அடையாளம் அறியாமல் ஓர் உயிரைக் கொன்றோம். மறுநாள் அடையாளம் அறியாமலே ஓர் ஆபத்தை அலட்சியம் செய்தோம். இரண்டு தீர்ப்புகளையும் தோற்றத்தை மட்டும் வைத்தே வழங்கினோம்.

அன்றிரவு வீடு நிறைய விருந்தினர். மாமாவின் இளைய மகனுக்கு அப்போது பதினேழு வயது. "மச்சான், நீங்க என் கட்டில்ல படுங்க, நான் கூடத்துல படுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு போனான். நான் மறுப்பேதும் சொல்லவில்லை. அவனுடைய கட்டிலில் நன்றாக உறங்கினேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

இரவு மூன்று மணியளவில் அவன் வயிற்றுவலி என்று எழுந்தான். வலீமாச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தோம். மாமி ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். ஒருமுறை வாந்தியெடுத்தான். நான்கு மணிக்கு அவன் கண்ணிமைகள் பாதி மூடியிருந்தன. தூக்கக் கலக்கம் என்றோம். பேச்சுக் குழறியது. அதையும் தூக்கம் என்றே எடுத்துக்கொண்டோம். "மச்சான், நீங்க ரெண்டு ரெண்டாத் தெரியிறீங்க" என்றான். சிலர் சிரித்தார்கள். தண்ணீர் கொடுத்தபோது விழுங்க முடியாமல் மூக்கு வழியாக வந்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

பஜ்ருக்கு வந்துகொண்டிருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத்தை மாமா வீட்டுக்குள் அழைத்துவந்தார். "ஏதோ காத்துக் கறுப்பு மாதிரி இருக்கு, ஹஜ்ரத். ஓதி ஊதுங்க" என்று தழுதழுத்தார். ஹஜ்ரத் எழுபதைக் கடந்தவர். பையனின் அருகில் அமர்ந்து, தாழ்ந்திருந்த இமையைத் தம் விரலால் உயர்த்திப் பார்த்தார். விரலை எடுத்ததும் இமை தானாக விழுந்தது.

"ராத்திரி எங்க படுத்திருந்தான்?"

"கூடத்துல, தரையில."

அவர் எழுந்துவிட்டார். "ஓதுறேன். கண்டிப்பா ஓதுறேன். முதல்ல பிள்ளையை வண்டியில ஏத்துங்க. நானும் வரேன், வழியெல்லாம் ஓதிக்கிட்டே வரேன்."

"பாம்பு எதுவும் கடிக்கலையே ஹஜ்ரத், காயமே இல்லையே" என்றேன். நான்தானே பாம்புகளை அறிந்தவன்!

"காயத்தை அப்புறம் தேடலாம்" என்றார்.

108க்கு அழைத்தோம். திருவண்ணாமலை முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். ஹஜ்ரத் அவன் தலைமாட்டில் அமர்ந்து சூரத்துல் ஃபாத்திஹாவையும் பிறவற்றையும் ஓதிக்கொண்டே வந்தார். மருத்துவமனையை அடைந்தபோது அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. பணியிலிருந்த மருத்துவர் இளம்பெண். கண்ணிமையைப் பார்த்தார். ஒரே மூச்சில் எண்களை எண்ணச் சொன்னார். அவன் நான்கைத் தாண்டவில்லை. "கட்டுவிரியனாக இருக்கும்" என்றார் உடனே. நெடுநேரம் தேடிய பின், இடது காதுக்குப் பின்னால் கொசுக்கடி போன்ற இரண்டு புள்ளிகளைக் காட்டினார். வீக்கமில்லை, இரத்தமில்லை. பத்துக் குப்பி நஞ்சுமுறி மருந்து ஏற்றினார்கள். அதற்குள்ளாகவே மூச்சு தளர்ந்தது. குழாய் செருகிச் செயற்கைச் சுவாசக் கருவியில் இணைத்தார்கள்.

அந்தச் சிறிய பாம்பு செய்வது இதுதான். பகலில் மந்தமாகச் சுருண்டு கிடக்கும் கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடி உலவும். எலி, பல்லி, தவளை, பிற பாம்புகள் அதன் உணவு. அவற்றைத் தேடி வீட்டுக்குள் நுழையும். தரையில் படுத்திருப்பவர் புரண்டால், கை பட்டால், கடிக்கும். அதன் பற்கள் சிறியவை. பலருக்கு உறக்கமே கலைவதில்லை. நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குகிறது. முதலில் இமை விழும். பிறகு விழுங்கும் ஆற்றல் போகும். கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும். பலருக்கு முதல் அறிகுறி வயிற்றுவலிதான். நரம்பு முனை ஒருமுறை சேதமடைந்துவிட்டால் நஞ்சுமுறி மருந்தால் அதைச் சரிசெய்ய இயலாது. மேலும் பரவாமல் தடுக்க மட்டுமே இயலும். சேதமானது மீண்டும் வளரும் வரை, நாள்கணக்கில், கருவியே மூச்சுவிட வேண்டும். எனவே நாங்கள் ஓமத் தண்ணீர் காய்ச்சிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவன் விலை கொடுத்தான்.

மூன்றாம் நாள், பார்க்க வந்த உறவினர் ஒருவர் படுக்கையருகே நின்று, "கண்ணே திறக்கல, முடிஞ்சு போச்சுபோல" என்று மெல்ல முணுமுணுத்தார். செவிலியர் அவரைக் கையமர்த்தி வெளியே அனுப்பினார். பிறகு மாமாவிடம், "பையனுக்கு எல்லாம் கேட்கும். நினைவு தெளிவாக இருக்கும். கண் திறக்கவும் பேசவும்தான் முடியாது. நல்லதாகப் பேசுங்கள்" என்றார். மாமா மகனின் காதருகே குனிந்து, "கேட்குதாப்பா?" என்றார். காலின் பெருவிரல் அசைந்தது. நெல்மணி உருளும் அளவுக்குத்தான் அசைந்தது. நாங்கள் எல்லோரும் அந்த ஒரு விரலைப் பார்த்தபடியே நின்றிருந்தோம்.

ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். எழுந்து நடக்க இரண்டு வாரமாயிற்று. அல்லாஹ் அவனைத் திருப்பித் தந்தான்.

அந்த நாள்களில் ஒருநாள் மருத்துவமனை வராந்தாவில் ஹஜ்ரத்திடம் கேட்டேன்: "காயம்கூடப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவருடைய தங்கை பதினொரு வயதில் இப்படியேதான் நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழுந்தாளாம். இமை இப்படியேதான் விழுந்ததாம். அவருடைய தந்தையும் ஓதத் தெரிந்தவர். விடியும் வரை ஓதினார்கள். விடிந்தபோது பிள்ளை இல்லை. "அத்தா ஓதினது தப்பில்ல. நஞ்சு தீண்டின ஒருத்தருக்கு நபித்தோழர் ஃபாத்திஹா ஓதின செய்தி இருக்கு. எங்க தப்பு, வண்டி கட்டாம ஓதினது. மருந்தையும் அவன்தானே படைச்சான்? அதைத் தேடிப் போறதும் துஆதான்."

இந்தச் சொற்களை உங்கள் முன் வைக்கவே இவ்வளவும் எழுதினேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுமாறு ஒரு தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. நம்மில் யாரும் அதை அறியாதவரல்லர். ஆயினும் நள்ளிரவில் பிள்ளை துடிக்கும்போது நம் கை முதலில் எதை நாடுகிறது? ஓமத் தண்ணீரையா, தாயத்தையா, வண்டிச் சாவியையா?

இது நம் ஒரு வீட்டின் கதையன்று. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் இறப்புகளைப் பாதியாகக் குறைக்க இந்திய அரசு 2024இல் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது.

என் மாமா மகனின் நரம்பில் ஏறிய அந்த மருந்துக்குப் பின்னால் இருப்பவர்களையும் நாம் அறிந்திருக்க வேண்டும். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்ற ஊர் உள்ளது. அங்கே 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நால்வகைப் பாம்புகளைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறது. அந்த நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்புப் பொருளிலிருந்தே மருந்து செய்யப்படுகிறது. இருளர் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நம் மாவட்டத்திலும் இருளர்கள் வாழ்கிறார்கள். அவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தச் சமூகத்தின் கைகள் தொட்ட நஞ்சு இல்லையேல் நம் பிள்ளைக்கு மருந்து இல்லை.

மழைக்காலத்தில் ஊர்ப்புறம் இருப்பவர்களுக்கும், விடுமுறைக்கு நன்னி வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கும் சில செய்திகள். தரையில் படுப்பதைத் தவிருங்கள். கட்டில் இல்லையேல் கொசுவலையைப் பாயின் அடியில் நான்கு பக்கமும் நன்றாகச் செருகிப் படுங்கள். கட்டுவிரியனுக்கு அது சிறந்த வேலி. இரவில் டார்ச் இன்றிக் கழிவறைக்குப் போகாதீர்கள். விறகையும் தானிய மூட்டையையும் படுக்குமிடத்துக்கு அருகில் வைக்காதீர்கள். காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு இமை தாழ்ந்தால், பேச்சுக் குழறினால், கடித்த அடையாளம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை; அறிகுறிகளைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். பாம்பைக் கண்டால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள். மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கண்ணாடிவிரியனைக் கையில் எடுத்தவர்களும் உண்டு. ஆகவே அடையாளம் சொல்லும் பொறுப்பை என்னைப் போன்ற அரைகுறைகளிடம் விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கட்டுவிரியன்மீது எனக்குக் கோபமில்லை. அது யாரையும் ஏமாற்ற அழகாகப் பிறக்கவில்லை. குரங்கும் நம்மை ஏமாற்றச் சிரிக்கவில்லை. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் கூறுகிறது. அவற்றுக்கு அவற்றின் இயல்பு உண்டு. சாதுவென்றும் கொடியதென்றும் பெயர் சூட்டியவர்கள் நாம். பழம் நீட்டுவதை அன்பென்று நினைத்தோம். அதனால் குரங்கு தன் காட்டு உணவை மறந்து மனிதக் கையைப் பறிக்கக் கற்றுக்கொண்டது. கம்பெடுப்பதை வீரமென்று நினைத்தோம். அந்தச் சாரையை விட்டிருந்தால் கட்டுவிரியன் வந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கொன்றது நன்மையன்று என்று சொல்ல முடியும்.

சிறுவயதில் மத்ரஸாவில் ஓர் ஒழுக்கத்தைக் கற்றோம். உறங்கப் போகிறவர் தம் ஆடையின் ஓரத்தால் படுக்கையைத் தட்டிவிட வேண்டும். தாம் இல்லாத நேரத்தில் அங்கு என்ன வந்து சேர்ந்தது என்பதை அவர் அறியமாட்டார். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழியின் கருத்து இது. துஆவை மனப்பாடம் செய்த நான், தட்டுவதை ஒரு சடங்காகவே செய்துவந்தேன். பல இரவுகளில் அதையும் விட்டிருந்தேன். அந்தக் கூடத்தில் விரித்த பாயை அன்று யாரேனும் ஒருமுறை உதறினோமா? எனக்கு நினைவில்லை. பாம்பு நாங்கள் உறங்கிய பின்னரே வந்திருக்கலாம். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இப்போது அவனுக்கு இருபது வயது. சென்ற பெருநாளுக்குப் பெற்றோருடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். இரவு பேசிக்கொண்டிருந்தபோது முதன்முறையாக அந்த நாளைப் பற்றி அவனே எடுத்துச் சொன்னான்.

"வண்டியில ஹஜ்ரத் ஓதினது முழுக்கக் கேட்டுச்சு மச்சான். ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சு, அவருக்கு ஓதல் நின்னுபோச்சு. நானும் நின்னுட்டேன்னு நெனச்சேன். அவர் அந்த ஆயத்தையே முதல்லேருந்து திரும்ப ஆரம்பிச்சார்."

நான் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் அவனுக்குக் கட்டிலை ஒழித்துக் கொடுத்தேன். என் மகள் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு போர்வையை எடுத்து மூன்று முறை உதறினாள். "பிஸ்மில்லாஹ் சொன்னியா?" என்று கேட்டேன். "சொல்லிட்டேன் அத்தா. டார்ச்சும் அடிச்சுட்டேன்" என்றாள்.

அல்லாஹ் நம் குடும்பங்கள் அனைத்தையும் பாதுகாப்பானாக. பாதுகாக்க அவன் தந்திருக்கும் வழிகளைப் பயன்படுத்தும் அறிவையும் நமக்குத் தருவானாக.

வஸ்ஸலாம்.